ஒற்றைக்கண்ணி

மார்ச் 4, புதன்

லேபில் இன்று சரியான கூட்டம். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் மனிதர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. ஒருவருக்கு நரம்பு அகப்படவே இல்லை. இடக்கையில் ஒன்று, வலக்கையில் ஒன்று குத்திவிட்டேன். "உனக்கு வேற வேலையே கிடைக்கலியாம்மா?" என்றார். நியாயமான கேள்விதான்.

சாப்பாட்டு நேரத்தில் வாட்ஸ்அப் குழுவில் கவிதை போட்டேன். புதன்கிழமை கவிதை நாள். போடுகிறவர்கள் மற்றவர் கவிதைக்கும் கருத்துச் சொல்ல வேண்டும், திட்டினாலும் சிரித்துக்கொண்டே திட்ட வேண்டும். இது ஆடிட்டர் போட்ட சட்டம். 'ஈரச்சுவர்' என்று பேர் வைத்து இந்தக் குழுவை ஆரம்பித்தவர் அவர். நேரில் யாரும் யாரையும் பார்த்தது கிடையாது. ரத்தம் எடுக்கிறவள் என்பதால் எனக்கு அங்கே 'ஊசி' என்று பேர்.

*கையை மூடுங்கள் என்கிறேன்*
*எதையோ பிடித்து வைத்ததுபோல மூடுகிறார்கள்*
*அந்த எதையோதான்*
*நான் உறிஞ்சி எடுக்கிறேனோ*

மாப்பிள்ளை வரிசையாக இதயம் அனுப்பினான். புதிதாகக் கல்யாணமானவன், பெண்டாட்டியின் கம்மலைத் தவிர வேறெதையும் எழுதியதில்லை. பிறகு கத்தரி அக்காவின் குரல் பதிவு வந்தது, பின்னால் தையல் மெஷின் ஓடுகிற சத்தத்தோடு. "கடைசி ரெண்டு வரியும் எதுக்குடி? மூடினதோட விடு. உள்ள என்ன இருக்குன்னு படிக்கிறவன் யோசிக்கட்டும்."

வெட்டினேன். உடனே கவிதைக்கு மூச்சு வந்துவிட்டது.

துணிகளைப் பிரித்து அளவுக்குத் தைத்துக் கொடுக்கிற கடை அக்காவுடையது. எங்கள் கவிதையில் தொங்குவதையும் வெட்டிவிடுவதால் கத்தரி. "ஊசியும் கத்தரியும் ஒரே டப்பாவுல கிடக்கணும்" என்பார் என்னிடம். அவர் சரி என்று சொல்லும்வரை நான் எழுதியது எதுவும் எனக்கு முடிந்ததாகத் தோன்றாது.

மார்ச் 18, புதன்

அக்காவின் கவிதை இன்று எல்லோரையும் அடித்துப் போட்டுவிட்டது.

*நூலை இழுத்துக்கொண்டு*
*உள்ளே போய் வெளியே வரும் ஒற்றைக்கண்ணி*
*ஒருநாளும் கேட்டதில்லை*
*இது யாருடைய சட்டை என்று*

ஆடிட்டர் நீளமாக எழுதினார். ஊசியை ஊசி என்று சொல்லாமல் ஒற்றைக்கண்ணி என்றது எப்பேர்ப்பட்ட உருவகம், சமீபமாக அக்காவின் சொற்கள் சுண்டக் காய்ச்சியதுபோல ஆகிவிட்டன, நாமெல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று. நானும் விடவில்லை. "இதைப் படித்த பிறகு என் ஊசியைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது" என்று போட்டேன்.

அக்கா பதிலே போடவில்லை. அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 20, வெள்ளி

இதை எழுதக் கை வரவில்லை.

சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது அக்கா கூப்பிட்டார். குரல் பதிவுதான் அனுப்புவார், கூப்பிட்டதே இல்லை.

"ஏய்... நீதானே? அந்தக் கவிதையைப் பத்தி உங்கிட்ட மட்டும் சொல்றேன். அது உருவகமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. எனக்கு அந்தப் பேரு வரல."

"எந்தப் பேருக்கா?"

"அதான், நான் தைக்கிறது. உனக்கும் அதேதான் பேரு. கையில வச்சிருக்கேன், தெரியுது, குத்துது. பேரு வரல. பாதி நாள் யோசிச்சுட்டு, கண்ணு ஒண்ணுதானே இருக்குன்னு அப்படி எழுதிட்டேன். எல்லாரும் ஆஹா ஓஹோங்கிறீங்க."

"ஊசி" என்றேன்.

"ஆங். அதேதான்." "திரும்பச் சொல்லு."

சொன்னேன். பக்கத்து சீட்டுக்காரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

மார்ச் 21, சனி

எங்கள் லேப் டாக்டரம்மாவிடம், தெரிந்தவர் ஒருவருக்கு இப்படி இருக்கிறது என்று சொல்லிக் கேட்டேன். "ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க, சீக்கிரமா" என்றார். அக்காவிடம் சொன்னால், அவர் சிரிக்கிறார். "போன வருஷமே எடுத்தாச்சுடி. பேச்சு வர்ற இடம் தேயுதாம். முதல்ல பேருங்க போகுமாம், அப்புறம் மத்ததும். மாத்திரை குடுத்தாங்க. அதோட பேரும் மறந்துபோச்சு."

தினமும் எத்தனை பேர் ரத்தத்தைக் குழாயில் பிடித்து, மூடிக்கு மூடி நிறம் பார்த்து அடுக்குகிறேன். இதற்கு ஒரு குழாய் இல்லையே.

குழுவில் யாருக்கும் தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். "தெரிஞ்சா பாவம் பார்ப்பாங்க. எனக்கு அங்கதான் மனுஷங்க மூஞ்சி காட்டாம, மனசுல பட்டதைச் சொல்றாங்க."

ஏப்ரல் 8, புதன்

இப்போதெல்லாம் கவிதையை முதலில் எனக்கு அனுப்புகிறார். "நிக்குதா, விழுதான்னு மட்டும் சொல்லு." இந்த வாரம் வந்தது:

*வாசலின் வாய்க்குள்*
*சின்ன இரும்பைத் திருப்புகிறேன்*
*யார் என்று கேட்கிறது வீடு*

"அந்த சின்ன இரும்புக்கு என்னடி பேரு?" என்றார். சாவி என்றேன். சந்தோஷமாகிவிட்டார். 'பூட்டில் சாவியைத் திருப்புகிறேன்' என்று மாற்றிப் போட்டார்.

ஆடிட்டர் கருத்து: "நன்று. ஆனால் உங்களின் வழக்கமான ஆழம் இதில் இல்லை. கொஞ்சம் சாதாரணமாகிவிட்டது."

உடனே அக்காவைக் கூப்பிட்டேன். அக்காவோ போனில் விழுந்து விழுந்து சிரித்தார். "பார்த்தியா? ஒரே ஒரு வார்த்தை சரியா வந்துச்சு, ஃபெயில் பண்ணிட்டான்!" சிரித்து முடிக்க ரொம்ப நேரமாயிற்று. முடிகிற இடத்தில் அது சிரிப்பாக இல்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

அடுத்த ஞாயிறு வீடியோ கூட்டமாம். முதல் முறையாக எல்லோரும் முகம் பார்க்கப் போகிறோம். அக்கா வாசிக்க வேண்டும் என்று ஆடிட்டர் ஒற்றைக்காலில் நிற்கிறார். வேண்டாம் என்று சொல்லுங்கள் என்றேன். "ஏன், நான் செத்தா போயிட்டேன்?" என்றார்.

கவிதையை மனப்பாடம் செய்கிறாராம். எழுத்துகள் நகர்கின்றனவாம், பார்த்துப் படிப்பது கஷ்டம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஆடிட்டர் நான் நினைத்ததைவிட இளைஞர். மாப்பிள்ளை பெண்டாட்டியையும் பக்கத்தில் உட்கார வைத்திருந்தான். அவள் கம்மலே போடவில்லை. எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்தோம். நன்றாகத்தான் ஆரம்பித்தது.

அக்கா வட்ட முகம், நரைத்த சுருட்டை முடி. பின்னால் சுவரில் தைத்த துணிகள் தொங்கின. முதல் இரண்டு வரிகளைத் தெளிவாகச் சொன்னார்.

*எல்லாம் போட்ட பிறகும்*
*ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்கிறது சட்டை*

மூன்றாவது வரி, 'முதல் பொத்தானே தப்பு'. எனக்குத் தெரியும். வாரமெல்லாம் என்னிடம்தான் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

"முதல்..." என்றார். நின்றார். "முதல்..." உதடு அசைந்தது. அப்புறம் சட்டைக் கையில் இருந்த பொத்தானைப் பிடித்து கேமராவுக்குக் காட்டினார். என்னைத்தான் தேடினார், எனக்குத் தெரிந்தது. அத்தனை சின்னச் சின்னக் கட்டங்களில் நான் எந்தக் கட்டம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

என் மைக் மூடியிருந்தது. விரலை அதன் மேல்தான் வைத்திருந்தேன். திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் எல்லோருக்கும் தெரிந்துபோகும். சத்தியம் பண்ணியிருக்கிறேனே. சொல்லவா? வேண்டாமா? சொல்லவா —

கைதட்டல் பொம்மைகள் ஏறிக்கொண்டே வந்தன. "அந்த மௌனம்!!!" என்று யாரோ எழுதினார்கள். "என்ன ஒரு உடல்மொழி" என்றார் ஆடிட்டர்.

அக்காவின் கட்டம் கறுத்துப் போயிற்று.

ஏப்ரல் 20, திங்கள்

அக்கா போன் எடுக்கவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். ஸ்கூல் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். பைப்பை மூடிவிட்டு, "நீ அப்ப சொல்லியிருந்தா மட்டும் அவங்களுக்கு நல்லா இருந்திருக்குமா?" என்றார்.

தெரியல. எனக்கு எதுவுமே தெரியல. சொன்னாலும் தப்பு, சொல்லாட்டியும் தப்பு, நான் என்னதான் பண்றது?

ஏப்ரல் 22, புதன்

அக்காவே உடைத்துவிட்டார். குழுவில் குரல் பதிவு, மெஷின் சத்தம் இல்லாமல்:

"எல்லாரும் கேளுங்க. நான் பெரிசா ஒண்ணும் எழுதல. பொருள் தெரியுது, பேரு வரல. வீட்டுல நின்னுகிட்டு அதைக் குடு, இதைக் குடுங்கிறேன். யாருக்கும் புரியல. அவ்வளவுதான்."

சொன்னால் யார் நம்புவார்கள்? ஆடிட்டர் அதை அப்படியே எழுத்தில் இறக்கி, வரி வரியாக மடக்கி, 'குரல்வழிக் கவிதை: புதிய முயற்சி' என்று தலைப்புப் போட்டுத் திரும்ப அனுப்பினார். கீழே முப்பது இதயம்.

அக்காவிடமிருந்து எனக்கு ஒரு வரி. 'நீயே சொல்லிடு.'

லேபில் ரத்தக் குழாய்களை அப்படியே வைத்துவிட்டு, கை கழுவும் இடத்தில் நின்று எழுதினேன். அக்காவுக்கு நோய். பெயர்ச்சொற்கள் போய்க்கொண்டிருக்கின்றன, ஊசி என்கிற என் பேரும் சேர்ந்து. நாம் இத்தனை மாதமாகக் கைதட்டியது அதற்குத்தான்.

நெடுநேரம் கழித்து மாப்பிள்ளை மட்டும், "சாரிக்கா" என்றான்.

மே 13, புதன்

அக்கா சொன்னதுதான் நடக்கிறது. அவர் எது போட்டாலும் கும்பிடும் கைகள், விளக்கு, பூ. ஆடிட்டர் "தாயே" என்கிறார். இன்று போட்டது கவிதையே இல்லை. ஒரே வரி மூன்று தரம் வந்தது, நடுவில் நின்றுவிட்டது. அதற்கும் "அருமை அருமை".

சாயங்காலம் கூப்பிட்டார். தேடித் தேடிப் பேசினார்.

"நல்லா இல்லதானே?"

"நல்லா இருக்குக்கா."

"நிஜமா?"

"நிஜமா."

மெதுவாக, "நீயுமா?" என்றார்.

அவ்வளவுதான். வைத்துவிட்டார். என் கவிதையை எத்தனை முறை வெட்டி எறிந்திருப்பார். நல்லா இல்லக்கா என்று ஒரு தரம், ஒரே தரம், வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை எனக்கு.

மே 14, வியாழன்

கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். மணி அடிக்கிறது.

ஜூன் 3, புதன்

அக்காவின் வீட்டுக்காரர் எடுத்தார். லாரிகளை எடை போடும் நிலையத்தில் வேலை, அதிகம் பேசாதவர். "போனை அவ இப்ப தொடறதில்லம்மா. கடையையும் மூடிட்டோம்." காதில் வைக்கச் சொன்னேன். வைத்தார். அக்கா, நான் ஊசி பேசறேன் என்றேன். மூச்சு கேட்டது. நல்லா இல்லக்கா, அன்னைக்குப் போட்டது நல்லாவே இல்ல என்றேன்.

"போனைத் திருப்பிக் குடுத்துட்டாம்மா" என்றார் அவர்.

ஜூன் 24, புதன்

மகள் கேட்கிறாள், "அம்மா, இப்பல்லாம் புதன்கிழமை கவிதை எழுதாம ஏன் டிவி பார்க்கிறே?"

ஜூலை 15, புதன்

இன்று குழுவில் அக்காவின் எண்ணிலிருந்து செய்தி. திடுக்கென்றது. எழுதியவர் அவர் வீட்டுக்காரர்.

"வணக்கம். எனக்குக் கவிதை எல்லாம் தெரியாது. உங்கள் கவிதைகளை அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன். கொஞ்சம் சின்னதாகப் போடுங்கள், எனக்குப் படிக்கத் திணறுகிறது."

ஆடிட்டர் உருகி வழிந்து ஒன்று போட்டார். மாப்பிள்ளை ஒன்று. அவன் பெண்டாட்டி கர்ப்பமாம், கம்மலை விட்டு இப்போதுதான் வெளியே வந்திருக்கிறான். எனக்கு எழுத எதுவும் இல்லை. ஆனாலும் லேபில் நடந்ததை வைத்து நாலு வரி தேற்றிப் போட்டேன்.

சாயங்காலம் அவரிடமிருந்து பதில் வந்தது. ஒரே செய்தியில் எல்லோருக்கும்.

"மாப்பிள்ளை சார் கவிதைக்குச் சிரித்தாள். ஆடிட்டர் சார் கவிதைக்குத் தூங்கிவிட்டாள். ஊசி அம்மா கவிதைக்கு எழுந்து உள்ளே போய்விட்டாள். தவறாக நினைக்க வேண்டாம்."

யாரும் கும்பிடும் கை அனுப்பவில்லை. ஆடிட்டர் கொஞ்ச நேரம் கழித்து, "எந்த இடத்தில் தூங்கினார்கள் என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

அக்காவுக்குப் புரிகிறதா, குரல் மட்டும் கேட்கிறதா, அந்த நேரத்துக்குத் தண்ணீர் குடிக்கத் தோன்றி எழுந்தாரா — யாருக்குத் தெரியும்? அவருக்கே தெரியுமோ என்னவோ.

நானும் கேட்டேன். "எந்த வரியில எழுந்தாங்க மாமா?"

"முதல் வரியிலேயேம்மா."

எடுத்துப் படித்துப் பார்த்தேன். மோசமான வரிதான்.