பின்சீட்டு

அன்பு மகளே,

உன் வீட்டுக்காரன் குப்பை விலைக்கு வாங்கிவந்த துருப்பிடித்த பைக் ஓடிவிட்டது! கல்யாணமாகி ஒரு வருஷமாகியும் மாப்பிள்ளை என்று கூப்பிடாமல் அவனை இப்படித்தான் சொல்கிறேன் என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே.

நீ வேலைக்காக வெளியூர் போனதிலிருந்து இருவரும் அதோடுதான் மல்லுக்கட்டினோம். பேச்செல்லாம் "ஸ்பேனர்", "துணி" என்ற அளவோடு சரி. கையில் காசில்லாததால் சீட் உறைக்கு என் மழைக்கோட்டு. கார்புரேட்டரைத் தேய்க்க என் பல் பிரஷ். அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை!

நேற்று எத்தனையோ உதைக்குப் பிறகு, இருமிக்கொண்டே இன்ஜின் உயிர்பெற்றது. "ஏறுங்க மாமா!" என்றான். தலைகால் புரியாமல் ஏறிவிட்டேன். தெரு இறக்கத்தில்தான் ஞாபகம் வந்தது, கழற்றிய பிரேக்கை நாங்கள் திரும்ப மாட்டவே இல்லை. அது சமையலறை மேசையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"மாப்பிள்ளே! காலை ஊணுங்க மாப்பிள்ளே!" என்று அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு நான் அலறியது தெருக்கோடிவரை கேட்டதாம். எதிர்வீட்டுச் செடிவேலி எங்களைத் தாங்கிக்கொண்டது. ஓடிவந்து, "இப்ப என்னன்னு கூப்பிட்டீங்க?" என்று கேட்ட உன் அம்மா இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

மாப்பிள்ளை இப்போது பிரேக் மாட்டிக்கொண்டிருக்கிறார். நீ வரும் நாளில் ஸ்டேஷனுக்கு நாங்கள் பைக்கில் வருவோம். நீ ஆட்டோ பிடித்துக்கொள், பின்சீட்டு என்னுடையது.

உன் அப்பா