நாற்பது என்று மாற்றினேன்

ஆவணி 12, இரவு

மகள் செல்விக்குத் தெரியாமல் மூன்று மாதமாக எழுத்துப் படிக்கிறேன். இன்று அவள் ஸ்டுடியோவில், கண்டனூர்க் கல்யாண வீடியோவைச் சின்ன ஃபைலாக மாற்றக் கணினியில் எல்லாம் சரிசெய்துவிட்டுச் சாப்பிடப் போனாள். திரையில் ‘தரம்’ என்று இருந்ததை நானே படித்துவிட்டேன்! பக்கத்தில் இருபத்திரண்டு. கூட்டினால் படம் இன்னும் நன்றாக வருமென்று நாற்பது ஆக்கினேன். அவள் வந்து பட்டனை அமுக்கினாள். கணினிக்குள் இருப்பது புது கிராபிக்ஸ் கார்டு, சட்டென்று முடித்துவிட்டது. அடுத்த கல்யாணத்துக்காக, அசல் படம் இருந்த கேமரா கார்டையும் அழித்துவிட்டாள்.

பிறகுதான் படத்தைப் பார்த்தோம். கல்யாணப் பெண்ணின் முகம் கட்டங்கட்டமாக இருந்தது.

“நாப்பதுன்னுல்ல இருக்கு! இது குறையக் குறையத்தானே தெளிவு. நீங்க எதையும் தொட்டீகளாப்பா?”

“எனக்கென்ன தாயி படிக்கத் தெரியும்?”

நம்பிவிட்டாள். தன் தப்புதான் என்று பெண் வீட்டாரிடம் போனில் அழுதாள்.

எனக்குப் படிக்கத் தெரியும் என்று தீபாவளியன்று அவளிடம் சொல்வதாக இருந்தேன். நாளைக் காலையிலேயே சொல்லிவிட வேண்டும்.