நீ சொல்ல வந்த பெயர்

"அன்னைக்குப் போன்ல அப்பா 'அ... மு...'ன்னாங்களே, என் பேரைச் சொல்லத்தானா, மாமா?" உன் கருமாதி முடிந்த மறுநாள் உன் மகள் அமுதா கேட்டாள். கையில் உன் மூளையின் மூன்று ஸ்கேன் படங்கள். பதில் சொல்லாமல் படங்களை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இன்று காலை அவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

பக்கவாதத்தில் உன் பேச்சு போனபிறகு, திருவையாற்றிலிருந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் உன்னைக் கூட்டிப்போவேன். பேச்சுப் பயிற்சியால் மூளை எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்று ஸ்கேனில் அளக்கிறோம், சம்மதமா என்று டாக்டரம்மா கேட்டார். மஸ்கட்டில் இருக்கும் அமுதாவின் போட்டோவைக் காட்டி, உன் வாயைத் தொட்டுக் காட்டினாய் நீ. அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் உன் ஆசை. அன்றே முதல் படம் எடுத்தார்கள்.

தினமும் சாயங்காலம் டம்ளர், சாவி, கண்ணாடி என்று ஒவ்வொன்றாகக் காட்டுவேன். ஸ்பூனை ஆறாவது முறை காட்டியபோது உன் முதல் சொல் வந்தது: "போடா." உன் மனைவி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

மூன்றே வாரத்தில் இரண்டாவது படம். "பேச்சுக்கான இந்த இணைப்புப் பாதையோட அளவு கூடியிருக்கு சார். பயிற்சியை விட்டுட்டா திரும்பக் குறையலாம். சொல்லை அவரே தேடிச் சொல்லணும்" என்றார் டாக்டரம்மா. நடக்க நடக்க வரப்பில் தடம் விழுவதுபோல என்று நான் தொடங்கியதும், நீ கண்ணை உருட்டினாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அமுதா போன் செய்தாள். "அ..." என்றாய். நெற்றியெல்லாம் வேர்வை. "அ... மு..." நீ படும் பாட்டை என்னால் பார்க்க முடியவில்லை. போனை வாங்கி, "அமுதா, அப்பா அசந்திருக்கான்மா, நான் பேசுறேன்" என்றேன். நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

மறுநாள் சாவியைக் காட்டினேன். நீ பார்க்கவில்லை. அதற்கடுத்த நாளும் பார்க்கவில்லை. மூன்றாவது படத்தில், கூடியது குறைந்திருந்தது. "ஒருத்தர் படத்தை வச்சு காரணம் சொல்ல முடியாது சார்" என்றார் டாக்டரம்மா, என் முகத்தைப் பார்த்து. பத்து நாளில் பக்கவாதம் மறுபடி வந்து உன்னைக் கொண்டுபோயிற்று.

நாம் இருவரும் வாத்தியார்களாக இருந்த பள்ளியில், நான் பாடம் நடத்துவதைப் பக்கத்து வகுப்பிலிருந்து கேட்டுவிட்டு நீ சொல்வாய்: "ஊரே உன்னைப் பொறுமைசாலிங்குது. கேள்வியையும் கேட்டுட்டுப் பதிலையும் நீயே சொல்லிடுற. பசங்க எப்படா யோசிக்கிறது?" நான் சிரித்துவிடுவேன்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்துபோய் அமுதாவைப் பார்த்தேன். "உன் பேருதாம்மா. ரெண்டு எழுத்து சொல்லிட்டான். மூணாவதுக்குள்ள நான் போனைப் புடுங்கிட்டேன்" என்றேன். அவள் ஏதோ சொல்ல வந்து, சொல் கிடைக்காமல் நின்றாள். ஏதாவது ஆறுதல் சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் ஒன்று செய்யுங்கள். எதிரில் ஒருவர் சொல் வராமல் திணறினால், மனத்துக்குள் இருபதுவரை எண்ணுங்கள். வரவில்லையென்றால், இன்னொரு இருபது எண்ணுங்கள்.