நீ போட்ட இரண்டு கமா

அன்புள்ள சின்னுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும், ஒழுகுகிற சமையலறைக் குழாய் உட்பட, எல்லோரும் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன முறை வந்த உன் கடிதத்தை நான் படிக்கவில்லை, திருத்தினேன். நீ விடுதியில் படித்த நாளிலிருந்து, ஆங்கிலத்தில் நீ எழுதுவதும் சிவப்பு மையில் திருத்தி நான் திருப்பி அனுப்புவதும் நம் வழக்கம்தானே, அச்சகத்தில் நாள் முழுக்க புரூஃப் பார்க்கிற கைக்கு வீட்டிலும் அரிப்பு அடங்குவதில்லை. உன்னை வேலைக்கு எடுத்த மேனேஜர் போய்விட்டார், புதியவருக்கு உன்னைக் கண்டாலே ஆகாது, பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். நானோ அந்த மேனேஜர் வாக்கியத்தில் ‘who’ என்ற சொல்லை ஒட்டி நீ போட்ட இரண்டு கமாவையும் சுழித்து, எந்த மேனேஜர் என்று பிரித்துக் காட்டும் இடத்தில் கமா கூடாது, இருக்கிற ஒரே ஆளைப் பற்றி மேல்விவரம் சொன்னால்தான் கமா, உதாரணம் உன் அம்மா என்று ஓரத்தில் பாடம் எழுதி, கீழே ‘முன்னேற்றம் தெரிகிறது’ என்று வேறு போட்டேன்.

அதை அம்மாவிடம் பெருமையாக வாசித்துக் காட்டினேன் பார், அங்கேதான் என் புத்தி. “பொண்ணு பயமா இருக்குன்னு எழுதியிருக்கா, உங்களுக்குக் கமாதான் கண்ணுல பட்டுச்சா? நல்லவேளை நான் ஒருத்தியோட போச்சு, இன்னொருத்தி உங்ககிட்ட மாட்டல” என்றாள். இரண்டு நாள் என் தட்டோடு மட்டும் பேசினாள். அச்சகத்தில் பைண்டர் வரை செய்தி போய், “என்ன சார், மகளுக்கு எத்தனை மார்க்கு?” என்கிறார். சிரித்து வைத்தேன். ஆனால் இரண்டு மாதமாக உன் கடிதம் இல்லை, போன் செய்தால் ‘வேலை இருக்குப்பா’ என்று வைத்துவிடுகிறாய். அந்தச் சிவப்பு மைதான் உன் வாயை அடைத்தது என்று எனக்குத் தெரியாதா? கோபம் என் மேல்தானே, என் மேலேயே இருக்கட்டும், மற்றதை எழுது. தாங்க முடியாவிட்டால் வேலையை விட்டு வந்துவிடு. உன் அறையில் என் காகிதக் கட்டுகள் கிடக்கின்றன, ஒரு மணி நேரத்தில் அள்ளிவிடுவேன். அந்தப் புது மேனேஜர் எதில் கையெழுத்துக் கேட்டாலும் படிக்காமல் போடாதே.

ஒரு குறையும் அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும் கண்ணே. பல் டாக்டரைப் பார்க்க மறக்காதே.

பேனாவைக் கீழே வைத்துவிட்ட
உன் அப்பா

பி.கு.: தபால் தலை தேடி அம்மா என் கைப்பையைக் கவிழ்த்தாள். நான் திருத்திய உன் கடிதம் உறையில் போட்டு, ஒட்டி, விலாசம் எழுதியபடி அதற்குள்ளேயே இருக்கிறது. அதை நான் தபாலில் சேர்க்கவே இல்லை.