குடைக்கு விட்ட வெள்ளை

என் அன்புக்கும் கோபத்துக்கும் உரியவளுக்கு,

கனசாவாவில் பனி கொட்டுகிறது. ஒசாகாவில் உன் அக்கா வீட்டில் எல்லோரும் சுகம்தானே? இங்கே என்னைத் திட்ட ஆளில்லாமல் வேலை வேகமாக நடக்கிறது.

அந்தப் பாலப் படத்தை மறுபடி மரக்கட்டையில் மை தடவி அச்சிடுகிறேன். மேலே அடர்நீல வானம், கீழே வெளிறிய ஆறு, நடுவே பாலத்தின் மேல் குடையோடு நீ. பனிக்கு நாம் வண்ணம் போடுவதில்லை, காகிதத்தை அப்படியே விட்டுவிடுவோம். குடையின் சிவப்பை எப்போதும் நீதான் ஒற்றுவாய். அதனால் அந்த இடமும் இப்போது வெள்ளையாகவே நிற்கிறது.

நேற்று படக்கடை ஹிராயாமா வந்தார். "பாலத்து மேல பனி மூடின கல்விளக்கு. நல்லாத்தான் இருக்கு, இப்படியே குடுத்துடுங்க," என்றார்.

"அது கல்விளக்கு இல்ல, என் சம்சாரம்," என்றேன். மனிதர் தேநீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

இந்தப் படத்தை வரைய உன்னைச் சாயங்காலம் முழுக்கப் பாலத்தில் நடக்கவிட்டேனே, ஞாபகமிருக்கிறதா? "கால் விறைச்சுப் போச்சு. படத்துல நான் கட்டைவிரல் அளவுகூட இல்ல, இதுக்கா இவ்வளவு நடை?" என்றாய். "அந்தச் சிவப்பை எடுத்துட்டா மீதியெல்லாம் வெறும் நீலம்டி," என்றேன். அன்று நீ சிரித்தாய்.

சிவப்பு ஏறும்வரை காகிதம் காயக்கூடாது. தினமும் ஈரத்துணி மாற்றுகிறேன். கணப்புச் சூட்டில் இன்னும் சில நாள் போனால் பூஞ்சை பிடித்துவிடும். சும்மா தகவலுக்குச் சொன்னேன்.

இன்னொன்று. வாசலில் உன் சிவப்புக் குடையைக் காணோம். ஒசாகாவில் பனி எங்கே விழுகிறது, அதை ஏன் எடுத்துப் போனாய்?

வாசல் பனியைத் தினமும் ஒதுக்கி வைக்கும்,
உன் வீட்டுக்காரன்