மூடியைச் சாத்தியது நான்

பிப்ரவரி 9
அருங்காட்சியகத்தின் டாங்கிக் கூடத்துக்கான விளக்கப் பலகைகளை எழுதி முடித்தேன். பதுங்குகுழிகளைத் தாண்டுவதற்காகச் செய்த முதல் டாங்கி, ஆமைபோல ஊர்ந்த இரும்புப் பெட்டி. புகையில் உள்ளே இருந்தவர்களே மயங்கி விழுவார்களாம். பிறகு, சுற்றிலும் திரும்பும் பீரங்கி. சாய்வான கவசம். அதைத் துளைக்கும் குண்டு. இன்னும் கனத்த கவசம். நன்றாகத்தான் வந்திருக்கிறது.

திறப்பு விழாவுக்கு அண்ணனையும் அழைத்தேன், ராணுவத்தில் டாங்கி ஓட்டியவன். "நான் என்ன காட்சிப் பொருளா?" என்று சிரித்தான். நான் விடவில்லை.

பிப்ரவரி 16
திறப்பு விழா. எழுதக் கை வரவில்லை.

பிப்ரவரி 17
புகைப்படக்காரர்தான் ஆரம்பித்தார். "சார் ஓட்டுநர் சீட்ல உட்கார்ந்தா நல்லா இருக்கும்." அண்ணன் என்னைப் பார்த்தான். வேண்டாம் என்ற பார்வை. புரிந்தது — புரிந்துதான் "ஒரே நிமிஷம்ண்ணா" என்றேன். டாங்கிக்குள் இறங்கினான். படம் எடுத்ததும், விளையாட்டாக, அவன் தலைக்கு மேலிருந்த மூடியை இழுத்துச் சாத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். உள்ளே சத்தமே இல்லை. திறந்தால், முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சட்டையெல்லாம் வியர்வை. யாரையும் பார்க்காமல் போய்விட்டான்.

பிப்ரவரி 18
அண்ணி போன் செய்தாள். "ரூமை விட்டே வரல. அவரு ஓட்டின டாங்கி தீப்பிடிச்சப்ப மூடி திறக்கலை. வெளியில இருந்தவங்க உடைச்சு இழுத்தாங்க. கூட இருந்த ரெண்டு பேரும் போயிட்டாங்க. உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன். பொய். தீப்பிடித்தது தெரியும். உள்ளே யார் இருந்தார்கள் என்று என்றைக்காவது கேட்டேனா? கவசம் எவ்வளவு கனம் என்றுதானே கேட்டேன்?

பிப்ரவரி 22
அண்ணன் வீட்டுக்குப் போனேன். அறைக்கதவு திறக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். "போயிட்டு வா" என்றது உள்ளிருந்து குரல்.

பிப்ரவரி 27
டாங்கியில் எடுத்த அண்ணன் படத்தை வாசலில் பெரிதாக மாட்டப் போகிறாராம் அருங்காட்சியக இயக்குநர். தலையாட்டிவிட்டு வந்தேன். சீ, நானெல்லாம் ஒரு தங்கச்சி.

பிப்ரவரி 28
மாட்டக்கூடாது என்று சொல்லிவிட்டேன். "கூப்பிட்டு வந்ததே நீங்கதானேம்மா?" என்றார். ஆமாம் என்றேன்.

மார்ச் 8
"உங்க அண்ணன் கேட்டுக்கு வெளிய நிக்கிறாரு" என்று காவலாளி வந்து சொன்னார். ஓடினேன். அவன் கையில் இரண்டு டீ.

"உள்ள வரமாட்டேன்."

"வேண்டாம்ணா."

"ஆறிடும், குடி."

குடித்தோம். நான் எதுவும் கேட்கவில்லை. அவனாகவே, "எங்க வண்டியில பீரங்கி சுடுறவன் ஒருத்தன் இருந்தான். அவன் குறட்டை இருக்கே, எஞ்சின் தோத்துடும்" என்றான். சிரித்தான். அப்புறம் மற்றதையும் சொன்னான்.

அதை இங்கே எழுதப்போவதில்லை.