இரண்டே சீட்

செவ்வாய்க்கிழமை காலை, சமையலறை மேஜை.

உங்கள் ஸ்போர்ட்ஸ் காரை நான்தான் எடுத்துப் போகிறேன். திருட்டுப் போய்விட்டதென்று ஊரைக் கூட்டாதீர்கள். ஊரிலிருந்து வரும் உங்கள் அம்மாவை ஸ்டேஷனிலிருந்து அழைத்து வர வேண்டும். நாற்பது வருடப் பழைய வண்டியானாலும் தினசரி ஓட்டலாம் என்று சொன்னது நீங்கள்தான். இன்றும் ஒரு தினம்தானே.

எனக்கு ஓட்ட வருமா என்ற கவலை வேண்டாம். ஞாயிறன்று நீங்கள் குளிக்கும்போது தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தேன். சோக்கை இழுத்து, ஆக்ஸிலரேட்டரை இரண்டு மிதி மிதித்து, கொஞ்சம் கெஞ்சினால் கிளம்புகிறது. நன்றாகத்தான் ஓடுகிறது. அதற்காக, மாமா நமக்கு வாங்கித் தந்த பெரிய காரை என்னைக் கேட்காமல் விற்று இதை வாங்கியதை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. அத்தையிடம் நீங்களே சொல்வதாகச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது.

காரின் கூரை ஒழுகுவதால் பெரிய துண்டை எடுத்துப் போகிறேன். குளிக்கச் சின்னது இருக்கிறது. சமையல் முடிந்தது, சூடு மட்டும் பண்ணுங்கள்.

பின்குறிப்பு: இதை எழுதும்போதே அத்தை ரயிலிலிருந்து போனில் பேசினார். விற்றதைச் சொல்லிவிட்டேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"புதுசுல எத்தனை பேரு உக்காரலாம்?"

"ரெண்டு பேரு அத்தை."

"அப்ப நீ வாம்மா. அவன் பஸ்ல வந்து பெட்டியத் தூக்கட்டும்."

பெட்டிகள் மூன்றாம். பஸ்ஸுக்குச் சில்லறை ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது.